பிரசார் பாரதி: சம்பளம், பயணப்படி, ஆர்டிஐ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசார் பாரதிக் கழகம் நடத்தும் அகில இந்திய வானொலியிலும் தூர்தர்ஷனிலும் வேலை செய்கிறவர்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், அது எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது, வெளியூர் போனால் என்ன கிடைக்கும், இதையெல்லாம் வெளியிலிருந்து ஒருவர் ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா என்பவற்றுக்கான பதில்கள் இவை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பணம் எவ்வளவு என்பதைவிட அது எந்தத் தலைப்பில் (கணக்குப் பிரிவில்) எழுதப்பட்டிருக்கிறது என்பதே இங்கே பல விஷயங்களைத் தீர்மானிக்கிறது.

சென்னை வானொலி, டிடி தமிழ் ஊழியர்கள் மத்திய அரசு ஊழியர்களா?

சிலர் ஆம், சிலர் இல்லை. பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறியது. ஆனால் 1997 செப்டம்பர் 15இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 23இல் கழகம் உருவானது. அதுவரை வானொலியும் தொலைக்காட்சியும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழிருந்த துறைகள். துறை கழகமானபோது 'பழைய ஊழியர்கள் யாருடைய ஆட்கள்?' என்ற கேள்வி எழுந்து, பல ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் 2007 அக்டோபர் 5 என்ற தேதி கோடாகக் கிழிக்கப்பட்டது. அந்தத் தேதிவரை பணியில் சேர்ந்தவர்கள் மத்திய அரசு ஊழியர்களே. ஓய்வு பெறும்வரை கழகத்துக்கு 'அயல்பணியில்' அனுப்பப்பட்டவர்களாகக் கருதப்படுவார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் கழகத்தின் ஆட்கள் அல்லது ஒப்பந்தக்காரர்கள்.

ஒரே ஸ்டுடியோவில் ஒரே ஷிப்டில் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு ஊதியக் குழுவின்படி சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் உண்டு. பக்கத்திலிருப்பவருக்கு மாதம் ஒரே தொகை, அதிலும் ஒப்பந்தம் முடியும் தேதி ஒன்று.

சம்பளப் பணம் எங்கிருந்து வருகிறது?

வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் கட்டிய காலம் 1980களின் நடுவிலேயே முடிந்துவிட்டது. இப்போது இரண்டு ஊற்றுகள். ஒன்று மத்திய பட்ஜெட்டில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வழியாக வரும் மானியம். மற்றது சொந்த வருமானம்: விளம்பரம், டிடி ஃப்ரீ டிஷ் (மாதக் கட்டணமில்லாத டிடிஎச் சேவை) சேனல் இடங்களின் ஏலம், கோபுரங்களைத் தனியார் எஃப்எம்களுக்கும் பிறருக்கும் வாடகைக்கு விடுவது.

2012இல் அரசு எடுத்த முடிவின்படி சம்பளமும் அதைச் சார்ந்த செலவுகளும் அரசு மானியத்தில். நிகழ்ச்சித் தயாரிப்பு, மின்கட்டணம் போன்ற நடைமுறைச் செலவுகள் கழகத்தின் சொந்த வருமானத்தில். ஐந்து ஆண்டுகளுக்கு என்று ஆரம்பித்த இந்தப் பிரிவினைதான் அதன் பிறகும் இந்த நிறுவனத்தின் பணப்போக்கைப் புரிந்துகொள்ளும் சாவி. பட்ஜெட் ஆவணத்தைத் திறந்தால் மானியம் மூன்று வகையாக இருக்கும். தலைப்பு எண் 36 சம்பளத்துக்கான மானியம், 31 பொதுச் செலவுக்கு, 35 சொத்து உருவாக்க. 36இல் வந்த பணத்தை எடுத்து நாடகம் தயாரிக்க முடியாது.

மானியம் நின்றால் என்ன ஆகும்? 2018 தொடக்கத்தில் அதன் ஒரு காட்சி தெரிந்தது. சம்பள மானியம் வராததால் அவசர நிதியிலிருந்து சம்பளம் போட வேண்டியிருந்தது என்று அன்றைய தலைவர் ஏ. சூர்ய பிரகாஷ் வெளிப்படையாகச் சொன்னார். அமைச்சகம் அதை மறுத்தது. தன்னோடு போட வேண்டிய புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கழகம் கையெழுத்திடவில்லை என்றது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறமிருக்க, சட்டத்தில் 'தன்னாட்சி' என்று எழுதியிருக்கும் நிறுவனத்தின் சம்பள நாள் வேறோர் அலுவலகத்தின் கோப்பில் இருக்கிறது என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

நிரந்தர ஊழியர் ஒருவருக்கு மாதம் எவ்வளவு ஆகும்?

ஏழாவது ஊதியக் குழுவின் சம்பள அட்டவணையில் 6ஆம் நிலையில் (எண் கூடக் கூடப் பதவி பெரியது) புதிதாகச் சேர்ந்த ஒருவரைச் சென்னையில் வைத்து, 2025 ஜூலை விகிதப்படி கணக்கிட்டுப் பார்ப்போம்.

அடிப்படை ஊதியம் 35,400. அகவிலைப்படி 58% என்றால் 20,532. சென்னை பெருநகரப் பிரிவு என்பதால் வீட்டு வாடகைப்படி அடிப்படையில் 30%, அதாவது 10,620. போக்குவரத்துப்படி 3,600, அதன்மேல் அகவிலைப்படி 2,088. கூட்டினால் 72,240 ரூபாய். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவரானால் நிர்வாகம் தன் பங்காக அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14%, ஏறத்தாழ 7,830 ரூபாய் கட்டும். அது அவர் கைக்கு வராது, ஆனால் செலவுக் கணக்கில் ஏறும்.

போக்குவரத்துப்படியையும் பயணப்படியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது வீட்டிலிருந்து அலுவலகம் வந்துபோக, மாதாமாதம். பின்னது அலுவல் நிமித்தம் வெளியூர் போனால் மட்டும்.

பட்ஜெட்டில் 'சம்பளம்' என்று போட்டிருப்பதுதான் ஆள்களுக்கான மொத்தச் செலவா?

இல்லை. அதிகம் பேர் இடறி விழும் இடம் இது.

காலையில் நீங்கள் கேட்கும் குரல் பெரும்பாலும் கேஷுவல் அறிவிப்பாளருடையது. அவருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, ஒரு ட்யூட்டிக்கு இவ்வளவு என்ற கட்டணம். அது நிகழ்ச்சிச் செலவில் எழுதப்படும். மாவட்டத்திலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேரச் செய்தியாளர், ஒரு செய்திக்கு இவ்வளவு என்று படம் எடுத்துத் தரும் ஸ்ட்ரிங்கர், பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிக்கப்பட்ட இசைக்கலைஞர், நாடகக் குரல், உரை வாசிக்க வரும் பேராசிரியர் எல்லோரும் அந்தப் பக்கம்தான். காவலாளி, துப்புரவுப் பணியாளர், ஓட்டுநர்களில் பலர் வெளி ஏஜென்சியின் ஆட்கள். அது இன்னொரு தலைப்பு.

ஆக, 'சம்பளச் செலவு குறைந்தது' என்ற அறிவிப்பைப் பார்த்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். மூத்தவர் ஒருவர் ஓய்வுபெற்று, அவர் வேலையைக் கேஷுவல் இருவர் பார்த்தால் சம்பளத் தலைப்பு இறங்கும், நிகழ்ச்சித் தலைப்பு ஏறும். அத்துடன் முன்பு அரசு கொடுத்த பணத்தை இப்போது கழகம் தன் விளம்பர வருமானத்திலிருந்து கொடுக்கும். விளம்பரம் குறைந்த ஆண்டில் முதலில் நிற்பதும் இந்தக் கட்டணம்தான். நிரந்தர ஊழியரின் சம்பளம் மாதக் கடைசியில் விழுந்துவிடும். வாசித்துவிட்டுப் போன கலைஞரின் செக் காத்துக்கிடக்கும்.

கட்டணம் வாங்குபவர்கள் கவனிக்க: இது தொழில்முறைக் கட்டணம் என்பதால் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10% வரி பிடிப்பார்கள் (2025 ஏப்ரலுக்கு முன் வரம்பு 30,000). வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பும்.

கேஷுவல் அறிவிப்பாளருக்கு ஏன் மாதம் ஆறு ட்யூட்டிக்கு மேல் தருவதில்லை?

வேலை இல்லாததால் அல்ல, வழக்குக்குப் பயந்து. தூர்தர்ஷனில் தற்காலிகமாக வேலை பார்த்த கலைஞர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனதன் விளைவாக, 1992இல் அவர்களை நிரந்தரமாக்கும் திட்டம் ஒன்று வந்தது. ஓராண்டில் 120 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது அதன் தகுதி. கூட்டிப் பாருங்கள்: மாதம் ஆறு என்றால் ஆண்டுக்கு 72. பக்கத்தில்கூட வராது. நான்கு பேர் முழுநேரமாகப் பார்க்கக்கூடிய வேலைக்கு முப்பது பேர் கொண்ட பட்டியல் வைத்திருப்பதன் காரணம் இதுதான். ஒவ்வொருவருக்கும் பயிற்சி, ஒவ்வொருவருக்கும் தனி ஒப்பந்தத் தாள், தனி பில். நிர்வாகச் செலவு என்று பார்த்தால் இது சிக்கனமே இல்லை என்பது எங்கள் கருத்து.

வெளியூர் பணிக்குப் போனால் என்ன கிடைக்கும்?

அரசு ஊழியர் தகுதியில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் பயணப்படி விதிகள் பொருந்தும். 2017 ஜூலை ஆணையின்படி 14ஆம் நிலைக்கும் அதற்கு மேலும் விமானத்தில் பிசினஸ் வகுப்பு. 12, 13க்கு எகானமி அல்லது ரயிலில் முதல் வகுப்பு ஏசி. 6 முதல் 11க்கு எகானமி அல்லது இரண்டடுக்கு ஏசி. 5 வரை மூன்றடுக்கு ஏசி. தங்கும் அறைக்கு ஒரு நாள் உச்சவரம்பு, மேலிருந்து கீழாக: 7,500, 4,500, 2,250 (9–11), 750 (6–8), 450 (5 வரை). சாப்பாட்டுக்கு அதே வரிசையில் 1,200, 1,000, 900, 800, 500. அகவிலைப்படி 50%ஐத் தொட்டால் இவை 25% கூடும் என்று ஆணையிலேயே இருக்கிறது. 2024 ஜனவரியில் தொட்டது.

சாப்பாட்டுத் தொகைக்கு ரசீது வேண்டாம். ஆனால் தலைமையிடத்தை விட்டு எத்தனை மணி நேரம் வெளியே இருந்தார் என்பதைப் பொறுத்து வெட்டு விழும். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள். அதில் ஆறு மணி நேரத்துக்குக் குறைவென்றால் 30%, ஆறு முதல் பன்னிரண்டு என்றால் 70%, அதற்கு மேல் முழுத்தொகை.

10ஆம் நிலை அதிகாரி ஒருவர் ராமேஸ்வரம் நிகழ்ச்சிக்குத் திங்கள் மாலை 7 மணிக்குச் சென்னையில் கிளம்பி, வியாழன் காலை 10 மணிக்குத் திரும்புகிறார். திங்கள் 5 மணி நேரம்: 900இல் 30%, 270. செவ்வாய், புதன் முழுசாக 900, 900. வியாழன் 10 மணி நேரம்: 70%, 630. மொத்தம் 2,700; 25% உயர்வோடு 3,375. நான்கு தேதி வருகிறது என்று நான்கு முழு நாளாக 4,500 எழுதினால் பில் பிரிவு சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பும்.

கேமரா, ஒலிப்பதிவு ஆட்களில் பலர் 6 முதல் 8 நிலைக்குள் வருவார்கள். அவர்களுக்கு அறை வாடகை 750, உயர்வோடு 937.50. திருவிழா நாளில் ராமேஸ்வரத்தில் அந்தக் காசுக்கு அறை கேட்டால் சிரிப்பார்கள். அரசு விருந்தினர் மாளிகைக்கு முன்கூட்டியே கடிதம் போடுவது, இருவர் ஓர் அறையில் தங்குவது என்று சமாளிப்பதே நடைமுறை. 8ஆம் நிலை வரை ரசீதில்லாமல் சுயசான்றிலேயே அறை வாடகை கோரலாம். தங்கிய இடத்தின் பெயரும் நாள்களும் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

விமான டிக்கெட்டை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாமா?

கூடாது. 2022 ஜூன் ஆணைப்படி பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் எடுக்க வேண்டும். பயணத்துக்கு 21 நாள் முன்பே எடுக்கச் சொல்கிறது விதி. தேர்ந்தெடுத்த மூன்று மணி நேர இடைவெளியில் கிடைப்பதிலேயே குறைந்த கட்டணம். 72 மணி நேரத்துக்குள் எடுத்தாலோ 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாலோ காரணம் எழுதித் தர வேண்டும். செய்திப் பிரிவில் 21 நாள் முன்பே புயல் எங்கே கரை கடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அந்தக் காரணக் கடிதம் அங்கே வழக்கமான காகிதமாகிவிட்டது.

பயணப்படி பில் ஏன் திரும்பி வருகிறது?

பெரும்பாலும் தேதியால். பயண அனுமதி கிளம்பிய பிறகு கையெழுத்தாகியிருக்கும். அல்லது பில் கொடுக்கத் தாமதமாகியிருக்கும்: பயணம் முடிந்து 60 நாள்தான் கெடு, முன்பணம் வாங்கியிருந்தால் 15 நாள். 2018க்கு முன் ஓராண்டு அவகாசம் இருந்தது. அந்தப் பழக்கத்தில் பில்லை மேசை இழுப்பறையில் போட்டுவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 61ஆம் நாள் அது வெறும் தாள்.

அடுத்தது, அலுவலக வண்டியிலேயே போய்விட்டு உள்ளூர் டாக்சியும் கோருவது. வண்டியின் லாக் புத்தகத்தில் கிலோமீட்டரும் பயணியின் பெயரும் இருக்கும், எளிதில் பிடிபடும். தனியார் செயலியில் எடுத்த டிக்கெட், போர்டிங் பாஸ் தொலைந்தது, இருவர் தங்கிய அறைக்கு இருவரும் முழு வாடகை கோரியது ஆகியவை பிற காரணங்கள்.

ஓபி வேன் (வெளியிட நேரலை வண்டி) செலவு பயணப்படியில் வருமா?

வேனோடு போகும் ஊழியரின் படி மட்டும் பயணத் தலைப்பில் வரும். டீசல், ஜெனரேட்டர், செயற்கைக்கோள் இணைப்பு, ஏஜென்சி ஓட்டுநர் எல்லாம் வேறு தலைப்புகள். 'அந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு பயணச் செலவு?' என்று கேட்டுப் பெறும் சிறிய எண்ணை வைத்துக்கொண்டு நேரலையின் விலை அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆள்செலவைக் குறைக்க முயன்றார்களா?

முயன்றார்கள். தரைவழி அனலாக் தொலைக்காட்சி டிரான்ஸ்மிட்டர்கள், சில முக்கிய இடங்கள் தவிர, 2022 மார்ச்சுக்குள் மூடப்பட்டன. மின்சாரம், அலைவரிசை, வாடகை இடம் மிச்சமாயின. ஆனால் அங்கிருந்த பொறியியல் ஊழியர்கள் அரசு ஊழியர்கள். வேறு நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள், அவர்கள் சம்பளம் அப்படியே தொடர்ந்தது. இடமாற்றப் பயணப்படி கூடுதல். டவரை ஒரே நாளில் அணைத்துவிடலாம். சம்பளத் தலைப்பு ஓய்வுபெறும் வயதுக்குத்தான் கட்டுப்படும்.

மறுபக்கம், புதிய ஆள் எடுப்பது பல ஆண்டுகள் ஏறக்குறைய நின்றே போயிருந்தது. சட்டத்திலேயே இருந்த பணியாளர் தேர்வு வாரியம் 2020இல்தான் அமைந்தது.

பிபிசி மாதிரி நட்சத்திரங்களின் சம்பளப் பட்டியல் இங்கே ஏன் இல்லை?

இங்கே அந்த மாதிரி நட்சத்திரச் சம்பளம் சம்பளத் தலைப்பில் இல்லை. தலைமை அதிகாரி முதல் எல்லோரும் ஏதோ ஒரு நிலையில் அடங்குவார்கள். பிபிசியில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேரம் பேசுவார்கள். 2017 ஜூலையில் முதல்முறையாக 1,50,000 பவுண்டுக்கு மேல் வாங்குபவர்களின் பட்டியல் வந்தது. முதலிடத்தில் கிறிஸ் எவன்ஸ், 22 லட்சம் பவுண்டுக்கு மேல். பெண்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பதும் அந்தப் பட்டியலால்தான் வெளியே வந்தது. அடுத்த ஜனவரியில் சீனச் செய்தி ஆசிரியர் கேரி கிரேசி சம ஊதியம் கேட்டுப் பதவியைத் துறந்தார். தொகுப்பாளர் சமிரா அகமது தன் நிகழ்ச்சியின் ஓர் எபிசோடுக்கு 440 பவுண்டு, அதுபோன்ற நிகழ்ச்சிக்கு ஆண் தொகுப்பாளருக்கு 3,000 பவுண்டு என்று வழக்குப் போட்டு 2020இல் வென்றார்.

அங்கேயும் தலைப்புத் தந்திரம் உண்டு. பிபிசி ஸ்டுடியோஸ் என்ற வணிகக் கிளை வழியாகவோ வெளித் தயாரிப்பாளர் வழியாகவோ பணம் வாங்கினால் பட்டியலில் பெயர் வராது. ஒருவர் பெயர் காணாமல் போனால் சம்பளம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள்?

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். தணிக்கை செய்த கணக்கு நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்.

தணிக்கை இருந்தாலே போதுமா என்று கேட்பவர்களுக்கு அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ நல்ல உதாரணம். விளம்பர நேரத்தைக் கொடுத்து அதற்குப் பதில் சேவைகளைப் பெறும் 'பண்டமாற்றுக் கணக்கு' ஒன்று அங்கே இருந்தது. வழக்கமான பேரேட்டில் அது தெரியாது. முன்னணித் தொகுப்பாளர் ஒருவருக்கு 2017 முதல் 2022 வரை கொடுத்தது வெளியே சொன்னதைவிட 3,45,000 யூரோ அதிகம் என்று 2023 ஜூனில் தெரிந்தது. அதில் ஒரு பகுதி அந்தக் கணக்கு வழியாக, 'ஆலோசனைக் கட்டணம்' என்ற பெயரில் போயிருந்தது. தோண்டத் தோண்ட, விளம்பரதாரர்களை 2019 ரக்பி உலகக் கோப்பைக்குக் கூட்டிப்போன 1,11,000 யூரோவும், விருந்து ஒன்றுக்கு 4,956 யூரோவுக்கு வாங்கிய ரப்பர் செருப்புகளும் வந்தன. நாடு முழுக்கப் பேசியது அந்தச் செருப்பைப் பற்றித்தான்.

நான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். கேட்பதற்கு முன் இணையதளத்தைப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டம் 4(1)(ஆ) பிரிவின்படி ஊழியர்களின் மாத ஊதியத்தைத் தாமாகவே வெளியிட வேண்டும். 2012 செப்டம்பர் ஆணைப்படி இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் இருப்போரின் அலுவல் பயணங்களையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும்.

அங்கே இல்லையென்றால் மனு போடுங்கள். மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் பிரசார் பாரதியைத் தேர்ந்தெடுத்து 10 ரூபாய் கட்டலாம். தபாலில் என்றால் 10 ரூபாய்க்கு இந்தியன் போஸ்டல் ஆர்டர். தமிழக அரசு அலுவலகங்களுக்குப் போல கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்பாதீர்கள்; மத்திய அலுவலகங்களில் அது செல்லாது, மனு திரும்பிவிடும். தமிழ்நாட்டு நிலையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். 500 சொல்லுக்குள் வையுங்கள். பதிலுக்கு 30 நாள். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்க்க முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய்.

கேள்வியை இப்படி எழுதுங்கள்: 'தங்கள் நிலையத்தில் 2024–25 நிதியாண்டில் (அ) உள்நாட்டுப் பயணத் தலைப்பில் மாதவாரியாக ஆன செலவு, (ஆ) ஊதிய நிலைவாரியாகப் பயணங்களின் எண்ணிக்கை, (இ) கேஷுவல் அறிவிப்பாளர்களுக்கு மாதவாரியாகக் கொடுத்த கட்டணமும் ட்யூட்டிகளின் எண்ணிக்கையும், (ஈ) 31.3.2025 அன்று 90 நாளுக்கு மேல் நிலுவையிலிருந்த கட்டணத் தொகை.' ஏன், எதற்கு, நியாயமா என்று கேட்காதீர்கள். பதிவேட்டில் இருப்பதைத்தான் தருவார்கள். கருத்துச் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல.

தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிட்டால்?

பெயர் சொல்லி ஒருவரின் பில்லைக் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். ஊழியருக்குக் கொடுத்த மெமோ, தண்டனை, அவரது சொத்து, வருமான வரிக் கணக்கு போன்ற விவரங்கள் தனிப்பட்டவை என்று 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பரில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தரும் 8(1)(ஒ) பிரிவு (ஆங்கிலத்தில் 8(1)(j)) இன்னும் இறுகிவிட்டது. அதனால்தான் மேலே எல்லாக் கேள்வியும் மொத்தத் தொகையாகவும் எண்ணிக்கையாகவும் இருக்கின்றன. அவை எவருடைய தனிப்பட்ட தகவலும் அல்ல.

அப்படியும் மறுத்தால் 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், கட்டணம் இல்லை. பொது நலன் கருதித் தரலாம் என்ற 8(2) பிரிவு அப்படியேதான் இருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். முதல் மனுவின் நகல், போஸ்டல் ஆர்டர் எண், அனுப்பிய ரசீது மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு அவை தேவைப்படும்.